ஒப்புக்குச் சப்பாணி வாங்கப் போன வாத்தியம்

பல்செட்டுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் மிச்சமில்லை. ஏதாவது விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அவருக்கே அது ஞாபகம் வரும். இருபத்தைந்து வருஷமாகப் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பதால் பல்செட் என்று பட்டம் வைத்தது மச்சான். வைத்த ஒரே மாதத்தில் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், இரண்டே அறை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றி, வாய் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு வெள்ளை வாயை எடுத்து, அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று உட்காருகிறதா என்று பார்ப்பது பல்செட்டின் வேலை. அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆனால் யார் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார்கள், யார் ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். அதைத் துடைக்கச் சொல்லிச் சொல்லி மனைவி ஓய்ந்துபோய்ப் பத்து வருஷம் இருக்கும்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஆனால் உறவுக்கு முன்னாலேயே சிநேகம். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே வாத்தியாரிடம் ஒரே நாளில் அடி வாங்கியவர்கள். சிநேகிதன் வீட்டுக்குப் போய்ப் போய், அவன் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்தவர் பல்செட். கல்யாணத்தன்று மாமியார் இருவரையும் நிற்கவைத்து, இனிமேல் இந்த வாடா போடாவெல்லாம் ஆகாது, மாப்பிள்ளையை மரியாதையாக ‘நீங்க’ என்று கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மச்சானும் தலையை ஆட்டினார். மதியச் சாப்பாடு வரைக்கும் தாக்குப்பிடித்தார். அப்போது “நீங்க கை கழுவுறீங்களா, இல்ல நான் கழுவி விடட்டுமாங்க?” என்று கேட்டு, இருவரும் சிரித்த சிரிப்பில் மாமியார் அந்த முயற்சியைக் கைவிட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் ‘நீங்க’ என்பது வெறும் கேலிச் சொல்தான்.

நாற்பது வயதில் ஆண்களுக்குப் பல கிறுக்குகள் வரும். சிலர் ஓடுகிறார்கள், சிலர் மீன் தொட்டி வைக்கிறார்கள். இவர்கள் இருவரும் கிட்டார் வகுப்பில் சேர்ந்தார்கள். மூன்றாவது மாதம் வகுப்பு எடுத்தவர் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டுப் போய்விட்டார். இவர்கள் மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மச்சான் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். பல்செட் வீட்டு முன்னறையில் ஐந்து மணி வரை கச்சேரி. மச்சானுக்குக் காது நல்ல காது. எந்தப் பாட்டையும் இரண்டு முறை கேட்டால் மெட்டை எடுத்துவிடுவார். பல்செட் கார்டு பிடிப்பார். கார்டு என்றால் மூன்று நான்கு கம்பிகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்து, மெட்டுக்கு அடியில் தட்டிக்கொண்டே வருவது. கட்டடத்துக்கு அஸ்திவாரம்போல என்று அவர் தமக்குள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தார். அஸ்திவாரத்தை யாரும் பார்க்க வருவதில்லை என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. பதினோரு வருஷம் இப்படிப் போயிற்று.

ஏழு மாதத்துக்கு முன்னால் பட்டறைக்கு வெள்ளி விழா. ஒரு சின்ன மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, வேலை செய்பவர்கள், நாலைந்து பல் டாக்டர்கள், அவரவர் குடும்பம் என்று எழுபது பேர் கூடினார்கள். முதலாளி பல்செட்டின் கிட்டாரைப் பற்றிக் கேள்விப்பட்டு வாசிக்கச் சொன்னார். மச்சானும் வந்தார். மூன்று பாட்டு வாசித்தார்கள். நல்ல கைத்தட்டல். அப்புறம் ஒரு டாக்டர் மைக்கைப் பிடித்து, யார் இந்த இரண்டு கலைஞர்கள், அறிமுகம் செய்துகொள்ளட்டும் என்றார். கைத்தட்டல் கேட்ட மச்சானுக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது. மைக் கிடைத்தால் அந்த ஆளுக்கு வாயும் நிற்காது.

“மெட்டு நானுங்க. இவரு ஒப்புக்குச் சப்பாணி” என்றார்.

சின்ன வயதில் ஓடிப்பிடித்து விளையாடியவர்களுக்கு இது தெரியும். ரொம்பச் சின்னப் பிள்ளை ஒன்று நானும் வருவேன் என்று அழும், சேர்த்துக்கொள்வார்கள், ஓடலாம், கத்தலாம், ஆனால் அது பிடிபட்டாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை. அதற்குத்தான் அந்தப் பேர். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. முதலாளி சிரித்தார், டாக்டர்கள் சிரித்தார்கள், பல்செட்டும் சிரித்தார். இருபத்தைந்து வருஷமாக யார் வாயிலும் பல் சரியாக உட்காரும்படி பார்த்துக்கொண்ட மனிதர், தன் பல் தெரிய நன்றாகவே சிரித்தார்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு மச்சான் வழக்கம்போல வந்தார். கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டு, ஆரம்பிக்கலாமா என்று கேட்டார்.

“நீங்க ஆரம்பிங்க” என்றார் பல்செட்.

மச்சான் முதலில் சிரித்தார். பழைய கேலி என்று நினைத்துவிட்டார் பாவம். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. “சரிங்க” என்றார். இரண்டு பாட்டு வாசித்தார்கள். காப்பி ஆறிப்போனது. மச்சான் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு, வரேங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இவர் கேட்கவில்லை. சண்டை என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் இல்லை, கதவை அறைந்து சாத்தவில்லை. ஒரு ‘ங்க’ வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். வீட்டு விசேஷங்களில் பார்த்துக்கொண்டால் ‘வாங்க, நல்லாயிருக்கீங்களா’ என்பதோடு சரி. நாற்பது வருஷச் சிநேகிதர்கள் அப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்கச் சகிக்காது.

நடுவில் மாட்டிக்கொண்டது மனைவி. அவர் தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை செய்கிறவர். வேலையிலும் தபால், வீட்டுக்கு வந்தாலும் தபால் என்று அலுத்துக்கொள்வார். அண்ணனுக்கு முதுகு வலியாம், அண்ணன் பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டதாம், அண்ணன் கம்பெனியில் புது வண்டி கொடுத்திருக்கிறார்களாம் என்று எல்லாச் செய்தியும் ஓர் ‘ஆம்’ ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேரும். பல்செட் சரி என்பார். ஒரு நாள் மனைவி நேராகவே கேட்டார், இன்னும் கோபமா என்று. இல்லையே என்றார். பொய் இல்லை. அவர் உள்ளே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், கோபத்தைக் காணோம். வருத்தத்தையும் காணோம். “கோபம்னா தேவல. திட்டித் தீத்துடலாம்” என்று சொல்லிவிட்டு மனைவி பாத்திரம் கழுவப் போனார்.

பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்கள் சில நேரம் தங்கள் உதட்டைத் தாங்களே கடித்து வைத்துக்கொள்வார்கள். மரத்துப்போயிருப்பதால் தெரியாது, சட்டையில் ரத்தம் சொட்டிய பிறகுதான் தெரியும். பல்செட் அந்த ஏழு மாதமும் அப்படித்தான் இருந்தார். காலையில் எழுந்தார், மாவு குழைத்தார், பல் நட்டார், வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டது என்ன என்று கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கிட்டார் அலமாரிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றது. மனைவி வாரம் ஒரு முறை அதைத் துடைத்தார்.

ஒரு ஞாயிறு அவரே அதை எடுத்தார். மூன்று மணி ஆனதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பழைய பாட்டு ஒன்று, பதினோரு வருஷத்தில் நூறு தடவைக்கு மேல் வாசித்தது, அதை முதலிலிருந்து கடைசி வரை ஒரு பிசகு இல்லாமல் வாசித்து முடித்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லாயிருந்துச்சு. என்ன பாட்டு அது?” என்றார்.

நூறு தடவை கேட்டவர். அவருக்கே தெரியவில்லை என்றால் யாருக்குத் தெரியும்? பல்செட் கிட்டாரைக் கீழே வைத்தார். தன்னிடம் நாற்பது பாட்டு இருக்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். இருந்தது நாற்பது பாட்டின் கீழ்ப்பாதி. மேல்பாதி அடுத்த தெருவுக்கு அடுத்த தெருவில், ‘நீங்க’ போட்டுப் பேசுகிற ஒரு மனிதரிடம் இருந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தார்: அடுத்து ஒரு வாத்தியம் வாங்க வேண்டும். மெட்டு வாசிக்கிற வாத்தியம். தனியாக உட்கார்ந்து வாசித்தால் கேட்கிறவர் என்ன பாட்டு என்று கேட்கக் கூடாது. ஆசை என்று இதைச் சொல்ல முடியாது. பல் ஆடினால் பிடுங்கிவிட்டு வேறு கட்டிக்கொள்வதுபோல ஒரு ஏற்பாடு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒவ்வொரு வாத்தியமாகப் பார்க்க ஆரம்பித்தார். கீபோர்டு பார்த்தார், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் தட்டச்சு செய்கிறவர்போலத் தெரிந்தார், பிடிக்கவில்லை. புல்லாங்குழலுக்கு மூச்சு வேண்டும். இருபத்தைந்து வருஷ மாவு போன நெஞ்சில் அவ்வளவு மூச்சு இருக்கிறதா என்று சந்தேகம். மவுத் ஆர்கன் மலிவு, கைக்கு அடக்கம், ஆனால் வாயில் வைக்க வேண்டும். நாள் முழுக்க வாயோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போயும் வாயா என்று அதையும் தள்ளினார். வயலின் என்று மனைவியிடம் பேச்செடுத்தபோது, கற்றுக்கொள்கிற முதல் இரண்டு வருஷம் தான் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருவதாக அவர் அமைதியாகச் சொன்னார். பக்கத்து மேஜையில் மெழுகு வேலை செய்யும் அம்மாள், இவ்வளவு யோசித்து நான் மாப்பிள்ளைகூடப் பார்க்கவில்லை என்று கிண்டல் செய்தார். அலசி அலசி மிஞ்சியது மாண்டலின். அதற்கும் கம்பிதான், அதையும் மடியில்தான் வைக்க வேண்டும், விரல் நுனிகளும் ஏற்கெனவே காய்த்துப் போயிருக்கின்றன. முழுக்க முழுக்க மெட்டு வாத்தியம். யார் துணையும் வேண்டாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மனைவி இன்னொரு தபால் கொண்டு வந்தார். மச்சானுக்கு ஒரு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக் வேலை, அந்தக் கம்பெனியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் உதிரிப்பாகம் வைக்கும் அறையில் வாசிக்கிறார்களாம். அண்ணன் கிட்டார், ஒருவர் ட்ரம்ஸ், ஒருவர் பாட்டு. பேஸ் கிட்டார் வாசித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

“இப்ப பேஸ் வாசிக்க ஆள் இல்லையாம்” என்று முடித்தார்.

பல்செட் கையில் இருந்த செய்தித்தாளை மடித்தார். இதைச் சொல்லச் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் சொல்லச் சொல்லவில்லை, அண்ணி பேச்சோடு பேச்சாகச் சொன்னார் என்றார் மனைவி. அது செய்தியா, அழைப்பா? பல்செட்டுக்குப் பிடிபடவில்லை. மனைவிக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். தபால்காரி உறையைப் பிரிப்பதில்லை.

பேஸ் கிட்டார் என்றால் நான்கே நான்கு தடித்த கம்பி. கார்டுக்கும் அடியில் இருக்கிற சத்தம். மேடையில் யார் நின்றாலும் கேட்கிறவன் கண் கடைசியாகப் போகும் ஆள் அதை வாசிக்கிறவன்தான். அதை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைக்கும்; நான் சப்பாணிதான், ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகவும் ஆகும். மாண்டலினை வாங்கினால் பாட்டு முழுசாகத் தன்னுடையது. ஆனால் அந்தக் கதவைத் தானே சாத்தித் தாழ்ப்பாள் போட்டதாகிவிடும். இரண்டில் எதை நினைத்தாலும் அவருக்குள் ஒன்றும் அசையவில்லை. அசையாததால் எது எளிதோ அதைத் தேர்ந்தெடுத்தார். மாண்டலின்.

வாத்தியக் கடை ஒரு பேப்பர் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போக வேண்டும். கடையை நடத்தும் பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பார். வாங்கச் சொல்லி நச்சரிக்காதவர். இரண்டு சனிக்கிழமை பல்செட் அங்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரே மாண்டலினைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். கம்பிகளின் கணக்கு வேறு. முதல் நாள் எது எங்கே என்று தேடவே நேரம் போயிற்று. இரண்டாவது வாரம் அந்தப் பழைய பாட்டின் முதல் இரண்டு வரி வந்தது. மூன்றாவது சனிக்கிழமை, இன்றைக்கு வாங்கிவிடுவது என்று தீர்மானித்துத்தான் படியேறினார்.

அன்று பாட்டு முழுசாக வந்தது. பதினோரு வருஷம் காதுக்குப் பக்கத்தில் கேட்ட மெட்டு, விரலுக்கு வராமல் எங்கே போகும்? கடைக்கார அம்மாள் ஒரு கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டே கேட்டார். தலையை ஆட்டினார். அவருக்குப் பாட்டு எது என்று தெரிந்துவிட்டது, கூடவே முணுமுணுத்தார். பல்செட் இரண்டாம் தடவையும் வாசித்தார்.

“சார், மூணாவது வரியில ஏன் நிக்கிறீங்க?” என்று கேட்டார் அம்மாள்.

பாட்டே அப்படித்தான் என்றார் பல்செட். இல்லையே, அங்கே நிற்காதே, நேராகப் போகுமே என்றார் அம்மாள். தெரியாமல் பேசுகிறீர்கள், அந்த இடத்தில் ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் போகும், அதுதான் அதில் அழகே என்றார் இவர். அம்மாள் வாக்குவாதம் செய்யவில்லை. கைப்பேசியில் பாட்டைத் தேடிப் போட்டார். மூன்றாவது வரி வந்தது. பாடகர் நிற்கவில்லை. ஆற்றுத் தண்ணீர்போல நேராகப் போனார்.

பல்செட் அந்தப் பதிவைக் கேட்டு இருபது வருஷம் இருக்கும். அவர் காதில் இருந்தது மச்சானின் வாசிப்பு. மச்சான் அங்கே நிற்பார். அந்த இழுப்பைத் தெருக்காரர்கள்கூடப் பாராட்டியிருக்கிறார்கள். அது என் ஸ்டைல் என்று மச்சானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்.

சரி, அந்த ஒரு பாட்டில்தான் அப்படியாக்கும் என்று இன்னொரு பாட்டை எடுத்தார். இரண்டாவது வரியின் நடுவில் கை தானாக நின்றது. அதையும் கைப்பேசியில் போட்டுப் பார்த்தார்கள். நிற்க வேண்டியதில்லை. மூன்றாவதாக ஒரு பாட்டு. அதில் இரண்டு இடம். நிற்கும்போதெல்லாம் வலது கைதான் சும்மா இருந்தது. இடது கை சும்மா இல்லை. அந்தச் சின்ன மாண்டலினின் கழுத்தின்மேல் முதல் விரல் நீளமாகப் படுத்து, மற்ற விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் தேடிக்கொண்டிருந்தன. பல்செட் தன் கையைப் பார்த்தார்.

அது பி மைனர். கிட்டாரில் ஒரு விரலைப் படுக்கப்போட்டு எல்லாக் கம்பியையும் அழுத்திக்கொண்டு, மிச்ச விரல்களை அதன்மேல் உட்காரவைக்க வேண்டிய கார்டு. ஆரம்பத்திலிருந்தே அவருக்கு அது வராது. வரும், ஆனால் ஒரு மூச்சு தாமதமாக வரும். அந்தத் தாமதம் என்றைக்கோ சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தார். சரியாகவில்லை. எந்தெந்தப் பாட்டில் அந்தக் கார்டு வருகிறதோ, அங்கங்கே மெட்டு அவருக்காக நின்றிருக்கிறது. பதினோரு வருஷம்.

கடைக்கார அம்மாள் பெட்டியில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். பல்செட் மாண்டலினை மேஜைமேல் வைத்தார். கொஞ்சம் வேலை இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். நடைபாதையில் நின்று மச்சான் வீட்டு அண்ணிக்குப் போன் செய்தார். ஏழு மாதத்தில் அந்த வீட்டுக்கு அவராகச் செய்த முதல் போன். மச்சான் இன்றைக்கு எங்கே வேலை என்று கேட்டார். பயந்துபோய், யாருக்கு என்ன ஆச்சு என்றார் அண்ணி. யாருக்கும் ஒன்றுமில்லை என்றார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆறு மாடி ஆபீஸ் கட்டடம். கீழே லிஃப்ட் கதவில் ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்று அட்டை தொங்கியது. படியேறிப் போனார். நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. முன்னால் ஒரு தடுப்பு. உள்ளே லிஃப்டின் கூரைமேல் மச்சான் நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் பாதி வழியில் நிற்பதால் அவருடைய தோளும் தலையும் மட்டும்தான் தரைக்கு மேலே தெரிந்தன. கையெல்லாம் கிரீஸ். பல்செட்டின் செருப்பைப் பார்த்துவிட்டு அப்புறம் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

“வாங்க” என்றார். அப்புறம், வீட்டில் எல்லாரும் நலமா என்றார்.

பல்செட் தடுப்புக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தார். அப்போதுதான் முகமும் முகமும் நேருக்கு நேர் வந்தன. நாலு மாடி ஏறிய மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தார். அது அடங்குகிற மாதிரி தெரியவில்லை.

“நம்ம பாட்டுல மூணாவது வரியில நிப்பியே, அது எதுக்கு?”

“எந்தப் பாட்டு?”

“எல்லாப் பாட்டும்தான். பி மைனர் வர்ற இடமெல்லாம்.”

மச்சான் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்து முடிந்த விரலையும் திரும்பத் துடைத்தார்.

“உன் கை வந்து சேரணும்ல” என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டார் பல்செட். முதலிலிருந்தே என்றார் மச்சான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றதற்கு, சொன்னா அன்னைக்கே கிட்டாரைத் தூக்கிப் போட்டிருப்ப, உன்னை எனக்குத் தெரியாதா என்றார். அது நிஜம். தூக்கிப் போட்டிருப்பார்.

அப்போதுதான் வலித்தது. எழுபது பேர் சிரித்ததும், தானும் சேர்ந்து சிரித்ததும், ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகளும், எல்லாம் ஒரே நேரத்தில் வலித்தன. கோபம் வந்தது, நல்ல, சூடான, உருப்படியான கோபம். மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு வார்த்தையைச் சொன்ன வாய், சொல்ல வேண்டியதைப் பதினோரு வருஷம் சொல்லாமல் இருந்திருக்கிறதே என்று வந்த கோபம். அதற்கும் அடியில் வேறு ஒன்று இருந்தது. அதை நன்றி என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. கண் கலங்கிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டார்.

“எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியேடா” என்றார்.

மச்சான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த ஆளுக்கு அது வராது, பள்ளிக்கூடத்திலேயே வராது. “வாய்க்கொழுப்பு” என்று மட்டும் சொன்னார். தலைக்கு மேலே எங்கேயோ இரும்புக் கயிறு ஒரு முறை முனகியது. கீழே யாரோ லிஃப்ட் எப்போது வரும் என்று படியில் நின்று சத்தம் போட்டுக் கேட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகும் என்று மச்சான் பதிலுக்குச் சத்தம் போட்டார். அரை மணிக்கு மேல் ஆகாத வேலை என்று பல்செட்டுக்கே தெரிந்தது.

அப்புறம் மச்சான் என்ன வாங்கப் போகிறாய் என்று கேட்டார். அவருக்கும் தபால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாண்டலின் என்று பார்த்தேன், இப்போது ஒன்றும் வாங்கப் போவதில்லை என்றார் பல்செட். இருக்கிற கிட்டாரிலேயே அந்த ஒரு கார்டை ஒழுங்காகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன், தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் வந்துவிடும், அதற்கப்புறம் எனக்காக யாரும் எங்கேயும் நிற்க வேண்டாம் என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறியது.

மச்சான் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அதெல்லாம் வேண்டாம்டா” என்றார். “கம்பெனி ஆளுங்களோட வாசிக்கும்போதும் அந்தந்த இடத்துல நின்னுடறேன். அவங்க ரெண்டு பேரும் போய்ட்டே இருக்காங்க. யாருக்காக நிக்கிறீங்கன்னு ட்ரம்ஸ்காரன் வாராவாரம் கேக்குறான். நானும் நிக்காம வாசிச்சுப் பாத்துட்டேன். எனக்கு வரல.”